பதில் வரும்வரை

குரல் நின்றுபோனது. "டிஸ்ட்ரிக்ட், காம்போ பாக்ஸ்" என்று ஆரம்பித்த குரல், பாதி மூச்சில் யாரோ வாயைப் பொத்தியதுபோல நின்றுவிட, ஜெசிந்தாவின் காதுக்குள் இயர்போன் ரப்பரின் வெதுவெதுப்பும் தன் சொந்த ரத்தம் ஓடும் சத்தமும்தான் மிச்சம். பதினோரு வயதில் பார்வை போனவள் அவள். இப்போது நாற்பத்து மூன்று. திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துச் சொல்லும் மென்பொருளின் அந்த மூக்கடைத்த ஆண் குரல்தான் அவளுக்குக் கணினி. ஆறு வருடமாகக் காதிலேயே குடியிருக்கிறவன். அவன் பேசினால் எதிரே ஒரு பக்கம் இருக்கிறது, பக்கத்தில் கட்டங்கள் இருக்கின்றன, கட்டங்களுக்குப் பெயர் இருக்கிறது. அவன் பேசாவிட்டால் மேஜைமேல் இருப்பது அடியில் சூடேறிய ஒரு பெட்டி, அவ்வளவுதான். "பேசு" என்றாள். என்டரைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். டேப், டேப், என்டர், எஸ்கேப், மேலம்பு, கீழம்பு, கதவைத் திறக்காத வீட்டின் முன்னால் நின்று ஓங்கி ஓங்கி அறைகிறவளைப்போல விரல்கள் அறைந்தன. சனிக்கிழமை மத்தியானம் இரண்டே கால், ஐந்து மணிக்கு ஆசிரியர் பணிமாறுதல் விண்ணப்பம் மூடிவிடும், இந்தப் பாவி இப்போதா தூங்குவான். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் வந்தது. மாடியில் யாரோ கட்டிலை இழுத்தார்கள். உலகத்தில் எல்லாமே சத்தம் போட்டுக்கொண்டிருந்தன, இவன் ஒருவனைத் தவிர. பிறகு திடீரென்று குரல் வந்தது, வந்தது என்பதைவிடக் கொட்டியது, அவள் தட்டிய ஒவ்வொன்றையும் வரிசை தப்பாமல் நிறைவேற்றிக்கொண்டு, ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல் மிதித்து, பட்டன், லிங்க், பிளாங்க், எடிட், பட்டன் என்று ஓடி, கடைசியில் மிக மரியாதையாக, தெளிவான உச்சரிப்பில் "யூ ஹாவ் பீன் லாக்ட் அவுட்" என்று, அவளை வெளியே தள்ளிவிட்டதைச் சொல்லி அடங்கியது. அரை மணி நேரமாக நிரப்பிய மூன்று பக்கங்கள். பணியில் சேர்ந்த தேதி, பணிப்பதிவேட்டு எண், மாற்றுத்திறனாளி சான்றிதழ் எல்லாம் போயிற்று. ஜெசிந்தா மடிக்கணினியின் மூடியைப் படாரென்று அறைந்து மூடினாள். மூடியபிறகு, உடைந்திருக்குமோ என்று பயந்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

காலையிலேயே அவள் கணவர் அமலன் சொன்னார். மில்லுக்குக் கிளம்பும்போது, செருப்பைத் தேடிக்கொண்டே, "நெட் சென்டர்ல குடுத்துருவோம் ஜெசி, அவன் அஞ்சு நிமிசத்துல போட்டுருவான், எதுக்கு இந்த வம்பு" என்றார். நல்ல மனுஷன், கோபமே வராத மனுஷன், அதனாலேயே அவர் சொல்வது சில நேரம் அவளுக்கு முள்ளாகக் குத்தும். "போன வருசமும் அப்படித்தான் ஒருத்தங்க அஞ்சு நிமிசத்துல போட்டாங்க" என்று அவள் சொன்னாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். போன வருடத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவள் மட்டும் தினமும் பேசிக்கொண்டிருக்கிறாள், உள்ளுக்குள், திண்டுக்கல்லில் பஸ் ஏறி வத்தலக்குண்டில் இறங்கி வேறு பஸ் பிடித்துத் தேனி மாவட்டத்து மேலக்கரடு மேல்நிலைப் பள்ளியில் போய் வரலாறு சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொரு நாளும், போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி, ஜன்னல் கம்பியில் தலை மோதிக்கொண்டு பேசிக்கொண்டேதான் வருகிறாள். சுகந்தி டீச்சர். தாவரவியல். ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி. தேங்காய் எண்ணெய் மணமும் சாக்பீஸ் மணமும். போன வருடம் இதே விண்ணப்பத்தை ஜெசிந்தாவுக்காகப் பள்ளிக்கூடக் கணினியில் நிரப்பிக்கொடுத்தது அந்த சுகந்தி. மாவட்டம் திண்டுக்கல் என்று போடவேண்டிய இடத்தில் தருமபுரி என்று போட்டுவிட்டாள். கலந்தாய்வில் தருமபுரியில் ஒரு பள்ளியின் பெயரைச் சொன்னபோது ஜெசிந்தாவுக்கு முதலில் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றியது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு வருடம் போனது. அந்த வருடத்தின் நவம்பரில் வத்தலக்குண்டில், இரண்டாவது கால் தரையில் படுவதற்குள் பஸ் நகர்ந்து இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்ட ஆறு வாரமும் அவள் அந்தக் கையின் வலியில் சுகந்தியின் பெயரையே கேட்டாள். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள், "கண்ணிருக்கிறவங்க செய்ற வேலையா இது" என்று. சுகந்தி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், "நான் சரியாத்தான் அழுத்தினேன் டீச்சர்." பிறகு நாற்காலி நகரும் சத்தம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. எண்ணெய் மணம் மட்டும் தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும்.

மூடியைத் திறந்தாள். உடையவில்லை. குரல் ஒன்றுமே நடக்காததுபோல "டெஸ்க்டாப்" என்றது. மறுபடி இணையதளம், மறுபடி கைப்பேசிக்கு வந்த ஆறு எண்கள், மறுபடி பணியில் சேர்ந்த தேதி. கை அனிச்சையாய் அடித்தது, மனம் கையை முந்திக்கொண்டு ஓடியது. இந்தத் தடவையும் போனால், அடுத்த ஜூன் வரை பஸ். அமலன் ஒருநாள் இருட்டில் படுத்துக்கொண்டு சொன்னார், வேலையை விட்டுரு ஜெசி, கை போச்சு, அடுத்து என்ன போகும்னு எனக்குப் பயமா இருக்கு. பதினொன்றாம் வகுப்புக்கு அவள் தென்னிந்தியப் படையெடுப்புகளை நடத்தும்போது கடைசி பெஞ்சுகூட மூச்சு விடாமல் கேட்கும், அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து குக்கர் விசிலை எண்ணுவதா. சான்றிதழை ஏற்றினாள். மூன்றாவது பக்கம். டிஸ்ட்ரிக்ட், காம்போ பாக்ஸ். இந்தத் தடவை குரல் முழுதாகச் சொன்னது. மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் அது, கீழே முப்பத்தெட்டு மாவட்டங்களும் ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கியிருக்கும், டி அழுத்தினால் டி வரிசைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். டி அழுத்தினாள். சத்தமில்லை. அய்யோ வேண்டாம். டி அழுத்தினாள். சத்தமில்லை. உள்ளங்கை வேர்த்தது, விசைகள் விரலுக்கடியில் வழுக்கின, அந்த அமைதி தெரிந்த அமைதியாக இருந்தது, எங்கேயோ கேட்ட அமைதி, ஸ்பிரிட் வாடையடிக்கும் அமைதி. மதுரை. பதினோரு வயது. கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கட்டைப் பிரிக்கிறார்கள், பஞ்சு இமையில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிறது, டாக்டர் குனிந்து, அவர் மூச்சில் காப்பி வாசம், "என்னம்மா தெரியுது" என்கிறார். "லைட்டப் போடுங்க" என்கிறாள் சிறுமி ஜெசிந்தா. யாரும் பேசவில்லை. லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது என்று அவளுக்குச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. "அப்பா" என்றாள். பதிலில்லை. "அப்பா, அப்பா." ஏழு தடவை கூப்பிட்டாள், எண்ணியிருக்கிறாள், ஏழாவது தடவை கத்தினாள், கையில் அகப்பட்ட தட்டை எடுத்து வீசினாள், அது சுவரில் பட்டு உருண்டு உருண்டு ஓய்ந்த சத்தம் முப்பத்திரண்டு வருடமாக ஓயவில்லை. பேசாமலிருக்கிறார்கள் என்றால் கெட்டது ஏதோ நடந்துவிட்டது. அதுதான் அவள் அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடம். அதனால்தான் அமலன் தூங்கும்போது மூச்சு சத்தம் குறைந்தால் உலுக்கி எழுப்புகிறாள், அதனால்தான் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடிகூடப் பொறுக்காமல் தானே பதிலைச் சொல்லிவிடுகிறாள், அதனால்தான் இப்போது மூன்றாவது முறையாக டி அழுத்தினாள்.

குரல் வந்தது. மூன்று அழுத்தலையும் ஒருசேர விழுங்கிவிட்டு, முதல் இரண்டைச் சொல்லாமலே விட்டு, முடிவை மட்டும் சொன்னது. "தருமபுரி." ஜெசிந்தா சிரிக்கப் போனாள், சிரிப்பு வரவில்லை. இதெப்படி. திண்டுக்கல்லுக்காகத்தானே அழுத்தினேன். டி ஒரு தடவை, தருமபுரி. டி இன்னொரு தடவை, திண்டுக்கல். டி வரிசையில் அந்த இரண்டே மாவட்டம்தான், அதனால் மூன்றாவது தடவை அழுத்தினால் அது சுற்றிக்கொண்டு மறுபடி தருமபுரிக்கே போய்விடும். விரலை மெதுவாக வைத்துச் சோதித்துப் பார்த்தாள். திண்டுக்கல். தருமபுரி. திண்டுக்கல். அப்படித்தான். இரண்டாவது அழுத்தலிலேயே சரியான இடத்துக்கு வந்துவிட்டது, அவள்தான் இருந்த இடத்தைவிட்டு ஒரு தட்டு தட்டி வெளியே தள்ளிவிட்டாள். விரல் விசையின்மேல் அப்படியே நின்றது. ஏனென்றால் அப்போதுதான், அழைக்காமலே, போன வருடத்து அந்த மாலை முழுதாக வந்து எதிரே உட்கார்ந்தது. இத்தனை நாள் அவள் நினைவில் வைத்திருந்தது சுகந்தியின் தவறை மட்டும்தான், அன்றைய சத்தங்களை அல்ல. நாலேகால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தோளில் பை. பள்ளிக் கணினி திணறுகிறது. சுகந்தி, "சுத்திக்கிட்டே இருக்கு டீச்சர், கொஞ்சம் இருங்க" என்கிறாள். அவள் பின்னால் நின்றுகொண்டு குச்சியால் தரையைத் தட்டியபடி, ஆமாம், தட்டியபடிதான், "சீக்கிரம் டீச்சர், இன்னொரு தரம் அழுத்துங்க, பஸ்ஸு போயிரும், அழுத்துங்க" என்றது யார்? ஜெசிந்தா. விசையின் சத்தம்கூடக் காதில் இருக்கிறது, டக், டக், பிறகு அவள் அவசரப்படுத்தியதற்காக இன்னொரு டக். நான் சரியாத்தான் அழுத்தினேன் டீச்சர். சரியாகத்தான் அழுத்தியிருக்கிறாள். அதற்குமேல் ஒரு தடவை அழுத்த வைத்தது இவள். இல்லை, அப்படியும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, அவள் கண்ணால் பார்த்திருக்கலாமே, ஒருமுறை சரிபார்த்திருக்கலாமே என்று மனம் வேறு வாசல் தேடியது. தேடட்டும் என்று விட்டாள். எந்த வாசலில் போனாலும் அந்தக் குச்சி தரையைத் தட்டும் சத்தம்தான் வந்தது. நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள், நெடுநேரம் என்றால் பத்து நிமிடம், அது போதும், குரல் மறுபடி சொன்னது, "செஷன் எக்ஸ்பயர்ட். ப்ளீஸ் லாகின் அகெய்ன்." இரண்டாவது தடவையும் எல்லாம் போயிற்று. விசித்திரம், இந்தத் தடவை கோபம் வரவில்லை. கோபம் வருகிற இடத்தில் போய்த் தொட்டுப் பார்த்தாள், அது காலியாக, சற்றுக் குளிர்ந்துபோய் இருந்தது.

கையிலிருந்த பேசும் கடிகாரத்தை அழுத்தினாள். மூன்று இருபது. எழுந்துபோய் முகம் கழுவினாள், தண்ணீர் குடித்தாள், துப்பட்டாவில் கையைத் துடைத்தாள். சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது, பிறகு பார்க்கலாம் என்று வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை. இப்போது அவள் தனக்கு ஒரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். குரல் நின்றால் கை மடிக்கு வரவேண்டும். சொல்வது எளிது. முதல் பக்கத்திலேயே குரல் நின்றது. கை மடிக்கு வந்தது, மடியில் கிடக்க மாட்டேனென்று துடித்தது, வலது கை இடது கையைப் பிடித்துக்கொண்டது, பழைய முறிவின் மேடு விரலுக்குத் தட்டுப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணுவது வேகமாகப் போயிற்று, எண்ணுவதிலும் ஓடுகிறேனே என்று நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். இயர்போனைக் கழற்றினாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக, குரல் நின்ற நேரத்தில் குரலைத் தேடாமல் பெட்டியைக் கேட்டாள். அதற்குச் சத்தம் இருந்தது. உள்ளே ஒரு சின்ன விசிறி, இரைந்து இரைந்து சுற்றுகிறது. அடியில் ஏதோ மெல்லக் கறகறக்கிறது. இது தூங்கவில்லை, இது வேலை செய்துகொண்டிருக்கிறது, அவளுடைய மூன்று வருடப் பழைய மடிக்கணினி தன்னால் முடிந்த அளவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு எங்கேயோ இருக்கும் இணையதளத்தின் பதிலுக்காக நிற்கிறது, மாநிலம் முழுக்க இந்த நேரத்தில் ஆயிரமாயிரம் வாத்தியார்கள் அந்த ஒரே கதவில் முட்டிக்கொண்டிருப்பார்கள். விசிறியின் இரைச்சல் ஒரு படி இறங்கியது. இயர்போனை மாட்டினாள். ஒரு நொடி கழித்துக் குரல் வந்தது, ஒன்றையும் விழுங்காமல், முழுதாக. இரண்டாம் பக்கத்தில் மறுபடி நின்றது. கழற்றினாள், கேட்டாள், விசிறி இறங்கியது, மாட்டினாள், குரல் வந்தது. மேலக்கரட்டில் மழை நாட்களில் பஸ் வருமா வராதா என்று ஒரு மணி நேரம் நிற்பாளே, அப்போது இந்தப் பதைப்பு கிடையாது, மேட்டில் கியர் மாற்றும் சத்தம் தூரத்தில் வந்துவிடும் என்று தெரியும், அந்த நம்பிக்கையில் நிற்பாள். நிற்கத் தெரியாதவள் இல்லை அவள். எதைக் கேட்டுக்கொண்டு நிற்பது என்பது இதுவரை தெரியாமலிருந்தது. மூன்றாம் பக்கம். டி. அமைதி. கை மடியில். விசிறி ஏறியது, ஏறியது, இறங்கியது. "தருமபுரி" என்றது குரல். டி. அமைதி. இந்த அமைதியில் மதுரை வந்தது, வராமலிருக்குமா, காப்பி வாசமும் பஞ்சும் வந்தன, அவள் அவற்றைத் துரத்தவில்லை. அப்பா. ஏழு தடவை. இப்போது நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணாக அதைக் கேட்டபோது, அந்த அமைதிக்குள்ளும் ஒரு சத்தம் இருந்தது தெரிந்தது. கட்டில் கம்பி லேசாக நடுங்கியது. அவர் அங்கேதான் நின்றிருக்கிறார், கைக்கெட்டும் தூரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுகையை அடக்கத் தெரியாமல். பேச அவருக்கும் கொஞ்ச நேரம் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான், தட்டு உருண்டு ஓய்ந்தபிறகு "இங்கதாம்மா இருக்கேன்" என்றாரே, சொன்னாரே, அதை எப்படி மறந்தாள். "திண்டுக்கல்" என்றது குரல். டேப் அழுத்தி அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

நாலாவது பக்கம்தான் கடைசி, நிரப்பியதையெல்லாம் தொகுத்துக் காட்டும் பக்கம். அதில் சரிபார்ப்புக்கு ஒரு படம், படத்தில் இருக்கும் ஆறு எழுத்துகளைக் கட்டத்தில் அடிக்கவேண்டும். குரல் "கிராஃபிக்" என்றது. திரும்பிப் போய்க் கேட்டாள், "கிராஃபிக்" என்றது. படத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, அந்த விஷயத்தில் அவனும் அவளும் ஒன்று. மணி நாலு ஐந்து. பத்து நிமிடத்துக்குள் அனுப்பாவிட்டால் மறுபடி எல்லாம் போகும். அமலன் மில்லுக்குள் இருப்பார், கைப்பேசியை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாடி வீட்டம்மாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. வேறு யாரையும் யோசிக்கவில்லை என்று பிற்பாடு அமலனிடம் சொன்னாள். உண்மையில் இரண்டு மூன்று பெயர்கள் வரத்தான் செய்தன. விரல் போனது ஒரு பெயருக்கு. வீடியோவில் அழைத்தாள். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கை மடியில் இருந்தது. "ஹலோ" என்றது சுகந்தியின் குரல், யாரோ விளையாட்டுக்குக் கூப்பிடுகிறார்களோ என்ற சந்தேகத்தோடு. "சுகந்தி டீச்சர், நான் ஜெசிந்தா." "தெரியுது டீச்சர். பேரு வந்துச்சு." பிறகு ஒன்றும் வரவில்லை. இந்த அமைதியையும் கேட்டாள். அந்தப் பக்கம் மின்விசிறி, ஒரு தாள் புரளும் சத்தம், அவள் போய்விடவில்லை. "போன வருசம் தப்பு உங்களோடது இல்ல டீச்சர். மூணாவது தடவ அழுத்தச் சொன்னது நான். இன்னைக்கு நானே அழுத்தி, எனக்கும் தருமபுரிதான் வந்துச்சு." அந்தப் பக்கம் தாள் புரள்வது நின்றது. சுகந்தியின் குரல் கரகரத்தது. "அதச் சொல்லவா கூப்பிட்டீங்க?" "இல்ல. ஒரு ஆறு எழுத்து படிக்கணும். ஆனா அதச் சொல்லாம இதக் கேக்க முடியல." அந்தப் பக்கம் ஒரு மூச்சு, அது சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும். "போனத் திருப்பிப் பிடிங்க. கொஞ்சம் மேல. மேல டீச்சர், கீபோர்டு தெரியுது. ஆங், நில்லுங்க. ஆட்டாதீங்க." எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பெரிய எச். ஏழு. சின்ன எம். மூணு. பெரிய கே. சின்ன டபிள்யூ. ஜெசிந்தா ஒவ்வொன்றாக அடித்தாள், குரல் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னது. "அனுப்பறதுக்கு முன்னாடி, மாவட்டம் என்ன இருக்குன்னு ஒரு தரம் பாத்துரட்டா?" என்று சுகந்தி கேட்டாள், கொஞ்சம் தயங்கி. "பாருங்க." "திண்டுக்கல். நல்லாப் பாத்துட்டேன், திண்டுக்கல்."

அனுப்பு என்பதற்குரிய பட்டனில் நின்று என்டரை ஒரே ஒரு தடவை அழுத்தினாள். அமைதி. இதுவரை வந்த அமைதிகள் எல்லாவற்றையும்விடப் பெரிய அமைதி. கைப்பேசியை மேஜையில் மல்லாத்தி வைத்துவிட்டு இயர்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். விசிறி உச்சத்துக்கு ஏறி அங்கேயே நின்று இரைந்தது. "என்னாச்சு டீச்சர்" என்றாள் சுகந்தி. "போயிக்கிட்டு இருக்கு." அரை நிமிடம். ஒரு நிமிடம். "இன்னொரு தரம் அழுத்துங்களேன். சில நேரம் ரெண்டு தடவ அழுத்தணும்." "வேண்டாம்." அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருந்தது என்று சுகந்திக்குத் தெரிந்திருக்காது. வியர்வை ஒரு துளி காதுக்குப் பின்னால் புறப்பட்டுக் கழுத்தில் இறங்கியது, அதன் போக்கைக் கடைசிவரை கூடவே போய்ப் பார்த்தாள். வெளியே ஐஸ் வண்டிக்காரனின் மணி தெருமுனையில் திரும்பி, வீட்டைத் தாண்டி, போய் மறைந்தது. பள்ளிக்கூடம் வந்தது நினைவில், மேலக்கரடு இல்லை, திண்டுக்கல்லில் ஏதோ ஒரு பள்ளி, இன்னும் பெயர் தெரியாத, படி எத்தனை என்று தெரியாத ஒரு பள்ளி. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். மாறுதல் வராமலும் போகலாம். வராவிட்டால் இதே நாற்காலி, இதே பெட்டி, அடுத்த ஜூன், இப்போது வழி தெரியும். பயம் வந்து வாசலில் நின்றது, உள்ளே கூப்பிடவுமில்லை, விரட்டவுமில்லை. இரண்டு நிமிடம். விசிறி ஒரு படி இறங்கியது. அவள் அவசரப்படாமல் இயர்போனை எடுத்து, இடது, வலது பார்த்து, மாட்டிக்கொண்டாள். "யுவர் அப்ளிகேஷன் ஹாஸ் பீன் சப்மிட்டட் சக்சஸ்ஃபுல்லி" என்றது மூக்கடைத்த குரல், விலைவாசி சொல்வதுபோல. அவளுடைய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. விண்ணப்ப எண்ணை வாசிக்கவைத்து, குரலின் வேகத்தைக் குறைத்து மறுபடி வாசிக்கவைத்து, தன் கோப்பில் அடித்து, அடித்ததை வாசிக்கவைத்து, பிறகுதான் சொன்னாள், "போயிருச்சு டீச்சர்."

சுகந்தி சந்தோஷம் என்று சொன்னாள். ஆனால் அந்தச் சொல் நடுவில் உடைந்தது. "என்ன டீச்சர்?" "ஒண்ணுமில்ல. எனக்கு இன்னும் போகல. கரூருக்குப் போட்டிருக்கேன், இவரும் பிள்ளையும் அங்க, நான் மட்டும் இங்க ரூம்ல. காலைலேர்ந்து ஒக்காந்திருக்கேன். கடைசிப் பக்கத்துல சுத்திக்கிட்டே இருக்கு, திரும்ப அழுத்தினா வெளிய தள்ளிருது. ஆறு தடவ. இனி விட்டுரலாம்னு மூடி வச்சுட்டேன், அப்பத்தான் நீங்க கூப்பிட்டீங்க." கடிகாரம் நாலு பதினெட்டு என்றது. ஜெசிந்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை, கண்ணிருக்கிறவளுக்குத் தான் வழி சொல்வதா என்று. பிறகு அந்த எண்ணமே அசட்டுத்தனமாகத் தோன்றியது. "திறங்க. உள்ள போங்க. நான் லைன்ல இருக்கேன்." முதல் பக்கம், இரண்டாம் பக்கம். ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் "சுத்துது" என்று குரல் உயரும்போதும், "சுத்தட்டும், மவுஸை விடுங்க, கைய எடுத்துட்டீங்களா" என்றாள். "எடுத்துட்டேன்." "சும்மா சொல்லாதீங்க, மவுஸ் நகர்ற சத்தம் கேக்குது." சுகந்தி உண்மையாகவே சிரித்தாள், பல மாதங்களுக்குப் பிறகு. "அந்த வட்டத்தப் பாத்துக்கிட்டு இருந்தா பைத்தியம் பிடிக்குது டீச்சர்." "பாக்காதீங்க. கண்ண மூடுங்க. உங்க பெட்டிக்குள்ள விசிறி இருக்கும், அதக் கேளுங்க." "இதுலயா? ...ஆமா, இருக்கு. இத்தன நாள் கேட்டதே இல்ல." கடைசிப் பக்கம். நாலு நாற்பத்தொன்று. சுகந்தி அனுப்பு பட்டனை ஒரு தடவை அழுத்தினாள். ஒரு நிமிடம். இரண்டு. மூன்றாவது நிமிடத்தில் "டீச்சர், அஞ்சு மணிக்குள்ள..." என்று ஆரம்பித்தாள். "தெரியும்" என்றாள் ஜெசிந்தா. "என்னோடதும் நேரம் எடுத்துச்சு. இப்ப உங்க விசிறி எப்படி இருக்கு?" "கத்துது." "அப்ப வேலை நடக்குது. எனக்குப் பதினொன்னாம் வகுப்பு பாடக்குறிப்பு ஒண்ணு எழுதணும், அதப் பத்திச் சொல்றேன், கேளுங்க" என்று ஒரு போரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள், யானைப்படை ஆற்றைக் கடக்க நின்ற இடம்வரை வந்தபோது சுகந்தி, "டீச்சர், வந்துருச்சு" என்றாள், மிக மெதுவாக, சத்தம் போட்டால் போய்விடும் என்பதுபோல. "விண்ணப்ப நம்பரச் சொல்லுங்க." சொன்னாள். "மாவட்டம்?" "கரூர்." "எழுத்துக் கூட்டுங்க." "கே, ஏ, ஆர், யூ, ஆர். கரூர்தான் டீச்சர், சத்தியமா கரூர்." நாலு நாற்பத்தாறு.

எழுந்தபோது கால் மரத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பசி அப்போதுதான், இத்தனை நேரம் காத்திருந்த கணக்கையெல்லாம் சேர்த்துக்கொண்டு, முழுதாக வந்தது. ஆறிப்போன சோற்றில் புளிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து, தட்டை மேடையிலேயே வைத்து நின்றபடி சாப்பிட்டாள், வெண்டைக்காயைக் கடித்து அதன் விதைகள் பல்லில் நொறுங்குவதைக்கூட விடாமல், இவ்வளவு ருசியாக ஒரு குழம்பை எப்போது வைத்தோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு. இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோது சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். அமலன் செருப்பைக்கூட கழற்றாமல் உள்ளே வந்தார், மூச்சு வாங்கியது, மேட்டில் மிதித்து வந்திருக்கவேண்டும். "என்ன ஜெசி, ஆச்சா? இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு, நெட் சென்டருக்கு ஓடட்டுமா?" "ஆயிருச்சு. ரெண்டு பேருக்கும் ஆயிருச்சு." "ரெண்டு பேரா? இன்னொருத்தர் யாரு?" வாய் நிறையச் சோறு. அவர் எதிரே நின்று காத்திருப்பது, பஞ்சு ஒட்டிய சட்டையின் வாசத்தோடு, நன்றாகத் தெரிந்தது. ஜெசிந்தா நிதானமாக மென்று விழுங்கி, அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே சொன்னாள், "இருங்க. சாப்பிட்டு முடிச்சுட்டுச் சொல்றேன்."